பெயரில்லாத யூஎஸ்பி போர்டுக்கு டிரைவரை எங்கே தேடுவது?

ஆன்லைனில் வாங்கிய, ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) மாதிரி போர்டைச் செருகினால், விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வருகிறது, கூடவே சிடியோ காகிதமோ எதுவும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கோணம் வருகிறதென்றாலே போர்டைக் கணினி கண்டுகொண்டது என்று அர்த்தம். எதுவுமே வரவில்லை என்றால்தான் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கவரில் உள்ள பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், அது விற்றவர் வைத்த பெயர். உள்ளே இருக்கும் சிப்பு எது என்பதுதான் முக்கியம், அதை அந்தச் சாதனமே சொல்லிவிடும். முக்கோணம் உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். விஐடி என்பதை அடுத்து வருவது தயாரிப்பாளர் எண், பிஐடி என்பதை அடுத்து வருவது சாதனத்தின் எண். 1ஏ86, 7523 என்று இருந்தால் சிஎச்340 சிப்பு. மலிவு விலை நானோக்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப்பு.

அப்புறம் நெட்டை இணைத்துவிட்டு விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பக்கத்தைப் பாருங்கள், பல நேரம் அங்கேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள், சிஎச்340-க்கு அது டபிள்யூசிஎச். அங்கே ஃபைல் பெயரில் 341 என்று இருக்கும், குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான். போட்டு முடித்து போர்டைக் கழற்றிச் செருகினால் போர்ட்ஸ் பகுதியில் காம் எண்ணோடு வந்து நிற்கும், அந்த எண்ணைத்தான் ஆர்டுயினோ மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தயவுசெய்து "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறோம்" என்று வரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். டிரைவர் என்பது கணினியின் அடிமட்டத்தில் ஓடும் நிரல், ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து அதை இறக்குவது உண்மையிலேயே ஆபத்து.

டிரைவர் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய யூஎஸ்பி சீரியல் கேபிள்களில் வரும் பிஎல்2303எச்எக்ஸ்ஏ சிப்பை விண்டோஸ் 11-க்கான புது டிரைவர் ஏற்காது, 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப்பு என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும். அதற்கு வேறு கேபிள் வாங்குவதுதான் நல்லது.

லினக்ஸ் என்றால் சிஎச்340 டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. உபுண்டு 22.04-ல் மட்டும், செருகியதும் போர்ட் வந்து உடனே மறைந்தால், பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் திரை மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர் என்றால் அதை நீக்கிவிடலாம்.