'ஆத்தோ'வும் 'ஆத்தா'வும்

கேள்வி: மகள் பியானோ கற்றுக்கொள்கிறாள். அவள் புத்தகத்தில் 'லெகாத்தோ', 'ஸ்தக்காத்தோ' என்று போட்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ஒரு காபி ஷாப் போனால் மெனுவில் 'அஃபொகாத்தோ'. இந்த 'ஆத்தோ' என்னதான் சொல்கிறது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நம்ம பெயரெச்சத்துக்கு இத்தாலியில் ஒரு தூரத்துச் சொந்தம் அது. 'ஆரே' என்று முடியும் வினைச்சொல், எச்சமாகும்போது 'ஆத்தோ' ஆகிவிடும். லெகாரே என்றால் கட்டுவது, லெகாத்தோ என்றால் கட்டியது. அதனால்தான் அடுத்த கட்டையை அழுத்தும்வரை முதல் விரலை எடுக்காதே என்று டீச்சர் சொல்லியிருப்பார். ஸ்தக்காத்தோ பிரித்தது, சுரத்துக்கு மேலோ கீழோ ஒரு புள்ளி இருக்கும், தொட்டதும் விட்டுவிட வேண்டும். அஃபொகாத்தோ மூழ்கடித்தது: வெனிலா ஐஸ்கிரீம் தலையில் சூடான எஸ்பிரெஸ்ஸோவை ஊற்றித் தருவதற்குத்தான் இவ்வளவு பயங்கரமான பெயர்.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் 'சுட்ட வடை' என்றும் சொல்வோம், 'வடை சுட்ட பாட்டி' என்றும் சொல்வோம், இரண்டுக்கும் அதே 'சுட்ட'தான். இத்தாலிய எச்சம் வடையோடு மட்டும்தான் சேரும். பாட்டியைச் சொல்ல வேண்டுமானால் 'எவர் சுட்டாரோ அவர்' என்கிற மாதிரி இன்னொரு வாக்கியம் கட்ட வேண்டும்.

அப்புறம் அந்தக் கடைசி எழுத்து. வந்த பையன், வந்த பொண்ணு, வந்த பஸ், எதற்கும் நம்ம 'வந்த' அசையாது. அங்கே அப்படியில்லை, பெண்பாலுக்கு 'ஆத்தா'! இதைவிடச் சுலபமாக ஒரு தமிழருக்கு ஞாபகம் வைக்க முடியுமா? 'அவன் போனான்' என்பது 'எ அந்தாத்தோ', 'அவள் போனாள்' என்பது 'எ அந்தாத்தா', பன்மையில் 'ஆத்தி', 'ஆத்தே' என்று மாறும். ஆனால் 'சாப்பிட்டான்', 'சாப்பிட்டாள்' இரண்டுக்கும் ஒரே 'ஆ மஞ்சாத்தோ'. காரணம் துணைவினை: போவதற்கு 'இரு' என்ற பொருளுள்ள வினை துணைக்கு வருகிறது, அது வந்தால் எச்சம் ஆளைப் பார்த்து மாறும், சாப்பிடுவதற்கு 'வைத்திரு' வருகிறது, அங்கே ஆள் யாரென்று எச்சம் கண்டுகொள்வதில்லை.

எல்லா வினையும் 'ஆத்தோ'வுக்குப் படியாது. அதே மெனுவில் பன்னா கோத்தா இருந்தால் பாருங்கள், குவோச்செரே என்ற வினை எச்சத்தில் 'கோத்தோ' ஆகிறது, பன்னா, அதாவது க்ரீம், பெண்பால் என்பதால் 'கோத்தா'. இரண்டு முறை வெந்தது என்பதுதான் பிஸ்கோத்தோ; நம்ம டீக்கடை பிஸ்கட்டும் லத்தீன் வழியில் அதற்குப் பங்காளி. இந்த மாதிரி முரண்டு பிடிக்கும் வினைகள் நிறைய, அதுவும் அன்றாடம் புழங்குகிறவைதான் அதிகம். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.