வாசகர் கேள்வி – பதில்: வாசலில் மகிழமரம்

கேள்வி: அல்சூரில் எங்கள் வீட்டு முன்புறம் நின்ற குல்மோகர், கோடை மழைக் காற்றில் சாய்ந்துவிட்டது. அங்கே மகிழமரம் நடலாம் என்கிறார் என் மாமியார். அதன் வேர் சுவரைப் பிளக்காதா? அழகைத் தவிர அதனால் வேறு பயன் உண்டா?
– வாசகி ஒருவர், பெங்களூரு

பதில்: மாமியார் சொல்வதையே கேளுங்கள். சித்திரை, வைகாசியில் இடியும் காற்றுமாக மழை வரும்போது பெங்களூரில் பெரும்பாலும் முறிந்து விழுபவை, விரைந்து வளரும் மென்மையான கட்டையுள்ள குல்மோகர் போன்ற மரங்களே. மகிழம் மெதுவாக வளர்ந்து கட்டை இறுகும் மரம். ஆல், அரசைப் போலச் சுவரிடுக்கில் முளைத்து வேரோட்டும் இயல்பும் அதற்கில்லை. ஆயினும் மதிலிலிருந்து பத்தடி தள்ளி, மேலே மின்கம்பி செல்லாத இடத்தில் நடுங்கள்.

சப்போட்டா, இலுப்பை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் ஆண்டு முழுதும் பசுமை மாறாமல், குடை கவிழ்த்தாற்போல் அடர்ந்து நிழல் தரும். விடியலில் உதிர்ந்து கிடக்கும் வெளிர்நிறச் சிறு பூக்களைப் பொறுக்கி நாரில் கோக்கலாம். வாடி உலர்ந்து பழுப்பேறிய பின்னும் மணம் போகாததால், துணிப்பெட்டியில் இட்டு வைப்பதும் உண்டு. நம்மாழ்வார் வகுளாபரணர் எனப்படுவது இப்பூவின் மாலையால்தான். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்ததும் ஒரு மகிழின் அடியில். (சூளைக் காக்கவில்லை என்பது வேறு கதை, மரத்தின் மீது குற்றமில்லை.)

ஆரஞ்சு நிறப் பழம் இனிப்போடு துவர்க்கும். குழந்தைகளும் பறவைகளும் விடமாட்டார்கள். துவர்ப்புமிக்க பட்டையை ஈறு வலுப்பெறப் பல்பொடியில் சேர்ப்பது பழைய வழக்கம். ஆனால் ஈற்றில் இரத்தம் கசிவது நிற்கவில்லையெனில் பட்டையை நம்பியிராமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிவந்த வைரக்கட்டை தூணுக்கும் படகுக்கும் பயன்பட்டது. என்னைக் கேட்டால், நகரத்து வாசலில் நிழலும் மணமுமே போதுமான பயன்கள். விதை முளைக்க நாளாகுமாதலால் நாற்றங்காலில் ஆளுயரக் கன்றாக வாங்குங்கள். நடைபாதையில் நடுவதானால் மாநகராட்சியின் இசைவைப் பெற்றுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மனையிலுள்ள முதிர்ந்த மகிழமரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?
– வாசகர் ஒருவர், பெங்களூரு

பதில்: சொந்த மனையானாலும் வேண்டும். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி மர அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதித்தாலும், ஈடாக வேறு மரம் நடும்படி அவர் பணிக்கலாம்.