பின்கோடும் ஒரு கிலோ அல்வாவும்

அன்புள்ள அண்ணாச்சி,

பகா எண்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து கண்ணில் படும் எண்ணையெல்லாம் வகுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஜங்ஷன் பின்கோடு 627001. கால்குலேட்டரைத் தொடாமல் 2, 3, 5 என்று தொடங்கி 67 வரை பார்த்துவிட்டேன். மீதி வராமல் எதிலும் வகுபடவில்லை. பகா எண்தான் என்று பாளையங்கோட்டை மைத்துனரிடம் ஒரு கிலோ அல்வாவுக்குப் பந்தயம் கட்டியிருக்கிறேன். சரிதானே?

திருநெல்வேலி வாசகர்

அன்புள்ள தம்பி,

பாபநாசத்துக்குக் குளிக்கக் கிளம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டீர்கள். 67க்கு அடுத்த பகா எண் 71. அதில் வகுத்துப் பாருங்கள். 627இல் எட்டு முறை, மீதி 59. சுழியை இறக்கினால் 590. மறுபடியும் எட்டு, மீதி 22. அடுத்த சுழி, 220; மூன்று, மீதி 7. கடைசியில் இருக்கும் 1ஐ இறக்கினால் அந்த 7க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து 71 ஆகிவிடுகிறது! ஈவு 8831, மீதி ஒன்றுமில்லை. தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எதுவரை வகுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அவற்றில் சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 791 பெருக்கல் 791 என்பது 625681. 792க்கு 627264, தாண்டிவிட்டது. ஆக, 791க்குள் இருக்கும் 138 பகா எண்களையும் பார்த்த பிறகுதான் பந்தயம் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது 19.

ஆனால் அந்தப் பாடு வீண்போகவில்லை. 8831ஐ வகுக்கிற எண் 627001ஐயும் வகுத்தாக வேண்டும். 67 வரை நீங்களே முடித்துவிட்டீர்கள். 8831க்கு 93 வரை போனால் போதும். பாக்கி 71, 73, 79, 83, 89. ஐந்தையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் வகுபடவில்லை. 8831 அசல் பகா எண்.

இன்னொன்று. 71 இருபதாவது பகா எண். இருபதுக்கும் நம் மாவட்டத்து 627க்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நான்கு கருப்பட்டியைக் குவியல்களாக வைக்க ஐந்து வழி: நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டு இரண்டாக, இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. (அல்வாவை வைத்தே சொல்லியிருப்பேன், நம்மூர் அல்வா துண்டாக நிற்காது.) இருபது கருப்பட்டி என்றால் சரியாக 627 வழி! ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் இந்த எண்ணிக்கைக்குத்தான் சூத்திரம் கண்டார்கள். இருநூறு கருப்பட்டிக்கு வழிகள் 39,72,99,90,29,388. 1972இல் பின்கோடு வகுத்த தபால்துறைக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பந்தயம் தோற்றது தோற்றதுதான், அல்வாவை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மைத்துனர் ரொம்பச் சிரித்தால் பாளையங்கோட்டையின் 627002ஐ ஞாபகப்படுத்துங்கள். அதற்குத் தாளும் பேனாவும்கூட வேண்டாம், இரட்டைப்படை.