லைவ் கோடிங் என்றால் என்ன? புரோகிராம் எழுதினால் இசை எப்படி வரும்?

ஒருவர் மேடையில் புரோகிராம் எழுத எழுத, அதிலிருந்து இசையோ படமோ அப்போதே வருவதுதான் லைவ் கோடிங். எழுதும் வரிகளும் திரையில் தெரியும். பெங்களூரிலும் இதைச் செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள்.

இது எப்படி முடிகிறது? கம்ப்யூட்டருக்கு ஒலியும் நிறமும் வெறும் எண்கள்தான். நொடிக்கு 440 அதிர்வு என்பது ஒரு ஸ்வரம். 880 ஆக்கினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். சோனிக் பை என்ற இலவச மென்பொருளில் 'பிளே 60' என்றால் 60 என்று எண்ணிட்ட ஒரு ஸ்வரம் (இது அதிர்வுக் கணக்கு இல்லை), 'ஸ்லீப் 0.5' என்றால் அரை நொடி இடைவெளி. இந்த இரண்டையும் லைவ் லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுப்புக்குள், போட்டால் தாளம் ஓடத் தொடங்கும். அப்புறம் 60ஐ 67 ஆக்கி மறுபடி ரன் கொடுங்கள். தாளம் நிற்காது, 'ச' ஒலித்த இடத்தில் 'ப' ஒலிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கணம்தான்.

படத்துக்கும் இதே கதைதான். 2001இல் வந்த பிராசஸிங் என்ற, புரோகிராம் எழுதிப் படம் வரையும் மென்பொருள் அதற்கு நல்ல தொடக்கம். பெங்களூர் அல்சூர் பகுதி வாசல்களில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: புள்ளிக் கணக்கையோ வளைக்கும் விதியையோ மாற்றினால் கோலமே வேறாகிவிடும்.

இதை ஏஐ தானாகப் போடும் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எது எப்போது ஒலிக்க வேண்டும், எதைத் தற்செயலுக்கு விட வேண்டும் என்பதையெல்லாம் எழுதுவது அந்தக் கலைஞர்தான்.