ஒட்டுப்பாலும் சூத்திரமும்: காப்புரிமை கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்ட நண்பர்கள் கேட்டவை.

ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) நாற்றத்தைக் குறைக்க ஒரு கரைசல் கண்டுபிடித்திருக்கிறேன் ஐயா. காப்புரிமை கிடைக்குமா?

புதிதாகவும், தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருந்தால் கிடைக்கும், 20 ஆண்டுகளுக்கு. ஆனால் மனு போட்ட 18 மாதத்தில் செய்முறை எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதையே மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) ஊற்றினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வழக்குச் செலவு யாருடையது? ஒட்டுப்பாலைப் பார்த்துச் செய்முறையை ஊகிக்க முடியாதென்றால் ரகசியமாக வைப்பதே லாபம். மனு போடும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டதற்கு மலேசியாவில் ஓராண்டு சலுகை உண்டு; ஐரோப்பாவில் அதை எதிர்பார்க்க முடியாது.

பால்வெட்டுக்கு ஆள் பிரிக்கும் முறை ஒன்று வைத்திருக்கிறேன்.

கிடைக்காது. 1983 காப்புரிமைச் சட்டம், பிரிவு 13: தொழில் நடத்தும் திட்டங்களுக்கு இடமில்லை.

மெட்ரோலாக் (ரப்பர் பாலின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி) அளவிலிருந்து உலர் ரப்பர் எடையைச் சொல்லும் சூத்திரம்?

சூத்திரம் மட்டும் என்றால் இல்லை, வெறும் கணக்குக்கும் அதே பிரிவுதான்.

அமெரிக்காவில் ரப்பர் சூத்திரத்துக்குக் கொடுத்தார்களே! இது அநியாயம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1981 டையமண்ட் எதிர் டியர் வழக்கைச் சொல்கிறீர்கள். அதில் வந்த அர்ரீனியஸ் சமன்பாடு (சூட்டுக்கேற்ப வேதிவினை எவ்வளவு வேகம் என்று சொல்லும் சூத்திரம்) அப்போதே நூறாண்டுக்குக் கிட்டத்தட்டப் பழசு. அதற்குக் காப்புரிமை யாரும் கேட்கவில்லை. ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்கும்போது உள்ளே எவ்வளவு சூடு என்று சரியாகத் தெரியாது. அதிகமாக வெந்தாலும் குறைவாக வெந்தாலும் சரக்கு வீண். அச்சுக்குள் வெப்பத்தை அளந்துகொண்டே, கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, சரியான நொடியில் அச்சைத் திறந்தது. ரப்பர் மாறியது. அந்தச் செய்முறையைத்தான் நீதிபதிகள் 5-4 என்று ஏற்றார்கள். 1978 ஃப்ளூக் வழக்கில் கணக்கு ஓர் எச்சரிக்கை அளவைப் புதுப்பித்ததோடு நின்றது, தள்ளிவிட்டார்கள். அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டாது, ஆனால் வித்தியாசம் புரிய உதவும்.

அப்போ என் சூத்திரத்தைக் கைப்பேசியில் போட்டால்?

அதுவும் கணக்குதான் தம்பி. அந்த எடையை வைத்துத் தொட்டியில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் தானாக விழும்படி செய்தால் பேசலாம்.

பாட்டி மூட்டுவலிக்குத் தேய்க்கும் முறை?

சிகிச்சை முறைக்கு இல்லை அக்கா. மருந்துப் பொருள் புதிதென்றால் அதற்குக் கேட்கலாம். பாட்டி காலத்து எண்ணெய் புதிதல்ல.

செம்பனையில் புதிய கலப்பினம்?

2004 புதிய தாவர வகைச் சட்டத்தைப் பாருங்கள்.

லாரிக்காரர்களுக்கு முறை பிரிக்கும் செயலி?

மேலே பால்வெட்டு ஆள் கேள்வியைப் படியுங்கள். லாரி ஆனாலும் பதில் அதுதான்.

கரைசலை நேற்று தோட்டக் கூட்டத்தில் காட்டிவிட்டேன்!

தேதியை எழுதி வையுங்கள். ரகசியம் போய்விட்டது, மலேசியாவில் மட்டும் போதுமென்றால் ஓராண்டுக்குள் மனு போடுங்கள்.