பதில்: கவுன்சிலர் மேல் வந்த ஈர்ப்பு

விபத்துக்குப் பிறகு ஏழு மாதம் கவுன்சிலிங் போய் மறுபடி வண்டி ஓட்டுகிறீர்கள். அந்தக் கவுன்சிலர் மேல் ஆசை வந்துவிட்டது, அவரும் ராத்திரி பதினொரு மணிக்கு ‘சாப்டாச்சா?’ என்று மெசேஜ் போடுகிறார் என்கிறீர்கள். ஆசை வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை தோழி. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1915இலேயே இதற்குத் தனிக் கட்டுரை எழுதினார். வாராவாரம் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டால் யாருக்குத்தான் மனசு சாயாது? (வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்!)

ஆனால் அந்த மெசேஜ் வேறு விஷயம். எல்லையைக் காப்பது அவர் பொறுப்பு. அமெரிக்க உளவியல் சங்க விதிப்படி, சிகிச்சை முடிந்து 2 வருடமாவது ஆகாமல் உடலுறவு கூடவே கூடாது. அதற்கப்புறமும் லேசில் அனுமதி இல்லை.

அடுத்த முறை இந்த ஈர்ப்பைப் பற்றி நேரிலேயே சொல்லிப் பாருங்கள். ஒழுங்கானவர் என்றால் வேறொருவரிடம் அனுப்பிவைப்பார். மழுப்பினால் நீங்களே வேறு கவுன்சிலரிடம் மாறிவிடுங்கள். அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.