600 பவுண்டில் ரோடு பைக்: லண்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோவையிலிருந்து வந்து நான்கு மாதம், குரோய்டனில் வாடகை அறை, கையில் 600 பவுண்டு. அடுத்த கோடையில் 100 மைல் ஓட்ட வேண்டும், அதற்குப் பயிற்சி எடுக்க ஒரு ரோடு பைக், அதாவது வளைந்த கைப்பிடி வைத்த வேக சைக்கிள். கியரில் ஷிமானோ கம்பெனியின் டியாக்ராவா 105-ஆ, ஃப்ரேம் அலுமினியமா கார்பனா, மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீட்டர் வாங்கலாமா, புதிதா பழையதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். புதிதாக வருகிறவர்களின் பணம் போவது அங்கேதான்.

மற்றதை முதலில் முடித்துவிடலாம். பவர் மீட்டர் இப்போது வேண்டாம், நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை போதும். இந்த விலையில் கார்பனும் வேண்டாம். பழைய கார்பன் ஃப்ரேம் உள்ளே விரிசல் விட்டிருந்தால் பெயின்ட்டுக்கு மேலே தெரியாமலே போகலாம். கியர் ஷிமானோ கிளாரிஸோ சோராவோ இருந்தால் தாராளம். கிளாரிஸில் பின்னால் எட்டுப் பல்சக்கரம், சோராவில் ஒன்பது, டியாக்ராவில் பத்து, 105-இல் வருடத்தைப் பொறுத்துப் பத்தோ பதினொன்றோ பன்னிரண்டோ. உங்கள் காலுக்கு வலு ஏற இதில் எதுவும் தடையில்லை. பராமரிப்புச் செலவுதான் மாறும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்புப் போடுவார்கள், அந்தத் தண்ணீர் செயினை அரித்துத் தின்னும். எட்டு கியர் செயின் மலிவு, பன்னிரண்டு கியர் செயினுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும்.

"105-க்குக் கீழே வாங்காதே" என்று உங்களிடம் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள். மூவாயிரம் பவுண்டு வண்டி தோட்டத்து ஷெட்டில் தூசி படிந்து நிற்கும், நவம்பர் வந்தால் வெளியே எடுக்க மாட்டார்கள், புதிதாக வந்த பையனுக்கு மட்டும் மூச்சுவிடாமல் அறிவுரை சொல்வார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. முதல் வருடச் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்பிக்கொண்டு இருப்பவனை இப்படிக் கடன் வாங்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கியரின் பெயரைக் கேட்காமல் பல்லை எண்ணுங்கள். முன் பல்சக்கரங்கள் இரண்டும் 50/34 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல் இருந்தால் லண்டனுக்குத் தெற்கே உள்ள சர்ரே மலைகளை உட்கார்ந்தபடியே ஏறலாம். பழைய பந்தய வண்டிகள் 53/39, பின்னால் 25 பல் என்று வரும். பார்க்க அழகாக, விலையும் குறைவாக இருக்கும். அந்த மலைகளில் பாக்ஸ் ஹில்லையாவது சமாளித்துவிடலாம், அது நீளமே தவிரச் செங்குத்து இல்லை. 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் ஆண்கள் அதை ஒன்பது முறை சுற்றினார்கள். செங்குத்தான லீத் ஹில் பக்கம் போனால் அந்த கியரோடு முழங்கால் கெட்டுவிடும்.

சரி, பழையது வாங்குவது. வாங்குங்கள், அதுதான் சரி. ஆனால் லண்டனில் சைக்கிள் திருட்டு ஒரு தொழில். திருடிய வண்டியைத் தெரியாமல் வாங்கினாலும் சட்டப்படி அது உங்களுடையது ஆகாது. சொந்தக்காரர் வந்தால் வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும். விசாவில் இருக்கும் நமக்கு போலீஸ் விசாரணை என்றாலே தூக்கம் வராது. அதனால் விற்பவர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சந்திக்கலாம் என்றால் போகாதீர்கள், வீட்டு வாசலில்தான் பார்க்க வேண்டும். பெடலுக்குக் கீழே, ஃப்ரேமின் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கி, சைக்கிள்களைப் பதிவு செய்து வைக்கும் பைக் ரெஜிஸ்டர் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். தன் வண்டியின் சைஸ் என்ன, எப்போது டயர் மாற்றினார் என்று சொல்லத் தெரியாதவரிடமும் வாங்க வேண்டாம்.

வண்டி நேர்மையானதுதான் என்றால் அப்புறம் கையை வைத்துப் பாருங்கள். ரிம் பிரேக் வண்டி என்றால் பிரேக் கட்டை உரசும் இடத்தில் விரலால் தடவுங்கள். உள்ளே குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது, புது வீல் வேண்டியிருக்கும். லண்டன் மழையும் ரோட்டு மணலும் சேர்ந்து ரிம்மை அரைத்துவிடும். ஊரில் நாம் இதைக் கவனிப்பதே கிடையாது. சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா பாருங்கள். உப்பும் ஈரமும் போய் ஃப்ரேமோடு இறுகிக்கொண்டால் அதை யாராலும் எளிதில் எடுக்க முடியாது, உங்கள் உயரத்துக்கு அது சரியாக வராவிட்டால் வண்டியே வீண். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்கும் முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். நமக்கும் இங்குள்ளவர்களுக்கும் வலது கைதான் முன் பிரேக், ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டியில் அது இடது கையில் இருக்கும்.

28 மில்லிமீட்டர் டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழைய இடம் இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மட்கார்டு மாட்டும் திருகுத் துளைகள் ஃப்ரேமில் இருக்க வேண்டும். மட்கார்டு இல்லாமல் மழையில் ஓட்டினால் பின்னால் வருகிறவர் முகமெல்லாம் சேறு. குளிர்காலத்தில் மட்கார்டு இல்லாதவரைச் சில கிளப்புகள் சேர்த்துக்கொள்வதே இல்லை.

600 பவுண்டையும் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். வண்டிக்கு 350. D வடிவ இரும்புப் பூட்டான நல்ல டி லாக்குக்கு 60, அதில் பூட்டுகளைச் சோதித்துத் தரம் கொடுக்கும் சோல்ட் செக்யூர் அமைப்பின் கோல்டு முத்திரை இருக்க வேண்டும். பஞ்சர் தாங்கும் டயர் ஜோடி 60. விளக்குக்கு 40, டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இருட்டில் முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் எரியாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். மட்கார்டுக்கு 30, ஹெல்மெட்டுக்கு 30, பம்பும் டியூபும் டூல்ஸும் சேர்த்து 30. கணக்கு முடிந்தது. ஹெல்மெட் இங்கே கட்டாயம் இல்லை, நீங்கள் போடுங்கள்.

ஆபீஸ் வழியாகத் தவணையில் சைக்கிள் எடுக்கும் சைக்கிள் டு வொர்க் திட்டத்தைப் பற்றியும் உங்கள் ஆபீஸில் சொல்வார்கள். 1999 முதல் இருக்கும் நல்ல திட்டம், வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து தவணை போகும். ஆனால் பாதியில் வேலையை விட்டால் மீதியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பும் இருக்கிறது. பிடித்தம் அதைத் தொடுமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நான் வந்தது 2006 ஜனவரியில். டூட்டிங்கில் ஒரே அறையில் நான்கு பேர், கிடங்கில் விடியற்காலை ஷிப்டு. ஏஜென்சிக்காரர் முதல் மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு சாப்பாட்டில் குறைந்தது. கூட வேலை செய்த ஒரு போலந்துக்காரர்தான் தன் பழைய இரும்பு ரோடு பைக்கை 40 பவுண்டுக்குக் கொடுத்தார், அதையும் இரண்டு தவணையில். பின் சக்கரம் கோட்டம். மதுரையில் எங்கள் தெருவில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே கிடப்பேன். கடைக்கார அண்ணன் கம்பி கம்பியாக இறுக்கிக் கோட்டம் எடுப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டது, கிடங்கின் பின்பக்கம் கை விறைக்கும் குளிரில் உதவியது. பிறகு ஒரு உள்ளூர் கிளப்பில் சேர்ந்தேன். முதல் சில வாரம் யாரும் அதிகம் பேசவில்லை. ஒருவர் ஸ்போக்ஸ் கம்பி அறுந்து ரோட்டோரம் நின்றபோது அவர் வீலை வீடு போய்ச் சேரும் அளவுக்கு நேராக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தக் கிளப்பில் வீல் பிரச்சினை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இன்றுவரை "இன்னும் சைக்கிள்தானா" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களையும் கேட்பார்கள். நம் ஆட்களோடு மட்டும் ஓட்டாமல் ஏதாவது உள்ளூர் கிளப்பில் சேருங்கள். குழுவில் ஒட்டி ஓட்டும் முறை, பள்ளத்தைக் கையால் காட்டுவது, மலையில் அளந்து மூச்சு விடுவது எல்லாம் அங்கேதான் வரும். வார நாளில் ரிச்மண்ட் பார்க் போங்கள், சுற்றுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. மான்கள் குறுக்கே வரும், இறக்கத்தில் கை பிரேக்கிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். கிடைத்த சந்தில் நுழைந்து முன்னே போவது நம் ஊர் ரோட்டில் ஓட்டியவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இங்கே லாரியின் இடது பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். சிக்னலில் நின்றிருந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள். லாரி இடது பக்கம் திரும்பும்போது ஓட்டுநருக்கு அங்கே இருப்பவர் தெரிய மாட்டார். லண்டனில் சைக்கிள்காரர்கள் இறந்த விபத்துகளில் பல இப்படித்தான் நடந்தன. ஓரத்தில் ஒட்டி ஓட்டுவதும் மரியாதை அல்ல. அமைதியான தெருவில் லேனின் நடுவில் ஓட்டலாம் என்று 2022-இல் திருத்திய ஹைவே கோடே, அதாவது இங்குள்ள சாலை விதிப் புத்தகமே, சொல்கிறது, முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்றும் சொல்கிறது. பின்னால் ஹாரன் அடித்தால் பதறி ஓரம் போகாதீர்கள்.

உங்கள் உயரத்தையும், செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று அளந்த உள்கால் நீளத்தையும் எழுதுங்கள், சைஸ் சொல்கிறேன். வண்டி பார்த்து வைத்தால் செயின் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம், ரிம்மைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம் போடுங்கள். முன்பணம் மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு நேரம் இருக்கும், தெற்கு லண்டனுக்குள் என்றால் கூடவே வந்து பார்க்கிறேன்.